பூட்டிய வீட்டில் எத்தனை பேர்?

தருமபுரி மாவட்டத்தில் இன்றைக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அரசாங்கத்துக்குத் தெரியாமல் இருக்கலாம். சென்சஸுக்குத் தெரியும். அவர்கள் எந்தக் கடையில் டீ குடிக்கிறார்கள், வீட்டுக்கு எதிரிலேயே கடை இருக்கும்போது ஏன் நாலு தெரு தாண்டிப் போய்க் குடிக்கிறார்கள், எதிர்க்கடைக்காரரோடு என்ன தகராறு, அது எந்தப் பொங்கலுக்கு ஆரம்பித்தது என்பது வரைக்கும் தெரியும்.

சென்சஸ் என்பது ஒரு பெண். கல்லூரியில் என்னோடு மூன்று வருடம் புவியியல் படித்தவள். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் வகுப்பே திரும்பி யார் அது என்று பார்க்கும், அவளும் சேர்ந்து பார்ப்பாள். அதனால் அந்தப் பெயரை இங்கேயும் விட்டுவிடுகிறேன்.

நான் புவியியல் சேர்ந்ததற்குக் காரணம், கலந்தாய்வில் என் முறை வந்தபோது அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. எங்கள் பக்கம் புவியியல் படிக்கிறான் என்றால் போர் போடப் பாயின்ட் பார்ப்பான் என்று அர்த்தம். முதல் செமஸ்டர் முடிவதற்குள் என் மாமா உள்ளங்கையில் ஒரு தேங்காயை வைத்து என்னைக் காடு முழுக்க நடக்கவிட்டார். தண்ணீர் இருக்கும் இடத்தில் நிமிர வேண்டிய தேங்காய் நிமிரவில்லை. மூன்று வருசமா என்னத்தத்தான் படிக்கப் போற என்று கேட்டார். மனிதர்கள் எங்கே குடியிருக்கிறார்கள், ஏன் அங்கே குடியிருக்கிறார்கள், எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று படிப்போம் மாமா, மானுடப் புவியியல் என்று அதற்குப் பேர் என்றேன். அதற்கு எதுக்குக் காலேஜ், டீக்கடையில் உட்கார்ந்தால் போதுமே என்றார் மாமா. எனக்கும் அதே சந்தேகம் இருந்தது.

சென்சஸ் அப்படி வந்து விழுந்தவள் இல்லை. ப்ளஸ் டூ முடித்து ஒரு வருடம் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஒயர்களுக்கு முனை பொருத்திக்கொண்டிருந்தாள். அங்கே சாப்பாட்டு வேளையில் கூட இருந்த பெண்களிடமெல்லாம் எந்த ஊர், ஏன் அந்த ஊரை விட்டு வந்தீர்கள் என்று கேட்டுக் கேட்டு, இதையே ஒரு படிப்பாகக் கல்லூரியில் சொல்லித்தருகிறார்கள் என்று யாரோ சொல்ல, வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தாள். அவள் அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ஒரு பேப்பரில்கூட அரியர் வரக் கூடாது. வந்தால் மறுபடியும் ஓசூர், மறுபடியும் ஒயர். இதை அவள் முதல் நாளே எங்கள் எல்லாரிடமும் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, உங்க வூட்ல என்ன நிபந்தனை என்று எங்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

ஒரே வாரத்தில் வகுப்பின் பின்சுவரில் ஒரு வரைபடம் வந்துவிட்டது. முப்பத்திரண்டு பேருக்கும் முப்பத்திரண்டு சிவப்புப் புள்ளி. என் புள்ளி மொரப்பூரில், ரயில்வே கேட்டுக்கு மேற்கே. யார் எந்த பஸ்ஸில் வருகிறார்கள், எத்தனை நிமிடம் ஆகிறது என்று பக்கத்திலேயே ஒரு பட்டியல். தொலைவிலிருந்து வருபவர்கள் நேரத்துக்கு வருகிறார்கள், கல்லூரிக்கு எதிர்த்தெருவில் குடியிருப்பவன்தான் தினமும் தாமதம் என்பது அதில் பளிச்சென்று தெரிந்தது. எங்கள் துறைத் தலைவர் அந்தப் படத்தைப் பார்த்துப் பாராட்டிவிட்டு, எதிர்த்தெருக்காரனை ஒரு வாரம் வெளியே நிற்கவைத்தார். அவன்தான் அவளுக்குச் சென்சஸ் என்று பெயர் வைத்தவன்.

அடுத்ததாக அவள் கண் கல்லூரி வாசல் டீக்கடை மேல் விழுந்தது. பஸ் நிற்கும் இடத்தை விட்டுவிட்டு ஏன் இங்கே கடை போட்டீர்கள் என்று நோட்டும் கையுமாகப் போய்க் கேட்டாள். டீ மாஸ்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. நோட்டோடு வந்து இப்படிக் கேட்பவர்கள் ஆக்கிரமிப்பு எடுப்பவர்கள்தான் என்பது அவர் அனுபவம். அன்று சாயங்காலமே பெஞ்சை இரண்டடி உள்ளே தள்ளினார். அவள் மறுநாளும் வந்து பெஞ்சு ஏன் நகர்ந்தது என்று கேட்டாள். அதற்கு மறுநாள் கடையே ரோட்டின் அந்தப் பக்கம் போய்விட்டது. அவள் நோட்டில் ‘கடை இடம்பெயர்ந்தது, காரணம்: நான்’ என்று நேர்மையாக எழுதி வைத்தாள். அன்றிலிருந்து நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு லாரிகளுக்கு நடுவே ஓடிப்போய் டீ குடித்தோம்.

பாப்பாரப்பட்டியில் ஒரு வகுப்புத் தோழனின் அக்கா கல்யாணம். எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்க, இவள் பந்தியில் வரிசை வரிசையாக எந்த ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். நேராகப் பெண்ணின் அப்பாவிடம் போய், பெங்களூர்க்காரங்க இன்னும் ஒருத்தர்கூட வரலீங்க, ரெண்டு வண்டி ஆளு பாக்கி, சோறு பத்தாது என்றாள். அவர் எரிச்சலோடு, எல்லாரும் வந்துட்டாங்கம்மா நீ போய்ச் சாப்பிடு என்றார். சமையல்காரர் மட்டும் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு அண்டா உலை வைத்தார். அரை மணி நேரத்தில் இரண்டு வேன் வந்து நின்றது. பெண்ணின் அப்பா அவளைத் தேடிவந்து, தன் கையாலேயே இன்னொரு லட்டு வைத்துவிட்டுப் போனார்.

அவளை மடக்கியது ஒரே ஒரு ஆள். சித்தேரி மலைக்குக் களப்பயணம் போயிருந்தோம். சாமை புடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், கீழ இத்தன வசதி இருக்கப்ப ஏங்க மலை மேல இருக்கீங்க என்று கேட்டாள். அந்தப் பெண் முறத்தை நிறுத்தாமலேயே திருப்பிக் கேட்டாள்.

“நீ ஏன் கீழ இருக்கற?”

சென்சஸ் வாயைத் திறந்தாள், மூடினாள். ஒரு வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கல்லூரியில் பார்ப்பவர்களிடமெல்லாம் நாம ஏன் கீழ இருக்கோம் என்று கேட்டுக்கொண்டே அலைந்தாள். நூலகர், நான் தரைத்தளத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கியிருக்கேன்மா, அதைக் கெடுத்துடாதே என்று கும்பிட்டார்.

இதெல்லாம் முன்கதை. உண்மையான கூத்து மூன்றாம் வருடம் நடந்தது.

மூன்றாம் வருடத்தில் ஒரு கிராமத்தைத் தேர்ந்தெடுத்து, வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்பி, வரைபடம் போட்டு ரெக்கார்டு சமர்ப்பிக்க வேண்டும். துறைத் தலைவர் ரெக்கார்டில் கையெழுத்துப் போட்டால்தான் செய்முறைத் தேர்வில் உட்கார முடியும். அவருக்கு ஸ்கேல் என்று பெயர். எந்நேரமும் கையில் ஒரு மர ஸ்கேல் இருக்கும். வீட்டில் சாம்பாருக்குக் காய் நறுக்கும்போதும் அளந்துதான் நறுக்குவார் என்று சீனியர்கள் சத்தியம் செய்தார்கள். வரைபடத்தில் வடக்கு காட்டும் அம்புக்குறி இல்லையென்றால் இரண்டு மார்க் போச்சு. அதில் சிபாரிசெல்லாம் செல்லாது.

அந்த வருடம் முடிவானது மேட்டுக்கொட்டாய், சென்சஸின் சொந்த ஊர். அறுபத்திரண்டு வீடு. இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். வருகைப் பதிவு வரிசைப்படி எனக்கு வாய்த்த ஜோடி சென்சஸ். அவள் பாஸானால் நான் பாஸ், அவள் முழுகினால் நானும் முழுக வேண்டியதுதான்.

எங்கள் ஊர்களில் யாராவது நோட்டோடு வந்து வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் ஜனங்கள் ஒரே காரியம்தான் செய்வார்கள். உள்ளே போய் ரேஷன் கார்டை எடுத்துவந்து நீட்டிவிடுவார்கள். ஏதாவது திட்டம் வருகிறது, ஒரு பேர் விட்டுப்போனால் அதுவும் விட்டுப்போகும் என்று பயம். பெங்களூர் போன மகன், கட்டிக்கொடுத்த மகள், நீக்கச் சொல்லி எழுதிக்கொடுக்க மறந்துபோன இறந்தவர் எல்லாரும் அதில் நலமாக இருப்பார்கள். பூட்டியிருக்கிற வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரரே பதில் சொல்லிவிடுவார். எங்கள் வகுப்பு இப்படி ஒரே பகலில் ஊரை முடித்தது. மக்கள்தொகை இருநூற்று எண்பத்து நாலு. ஸ்கேலுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சென்சஸ் மட்டும் எங்களுக்கு ஒதுக்கிய வீடுகளை முடித்துவிட்டு, மற்ற ஜோடிகள் போன வீடுகளுக்கும் என்னை இழுத்துக்கொண்டு போனாள். அவள் கேட்ட கேள்வி வேறு. “நேத்து ராத்திரி இந்த வூட்ல தூங்குனது எத்தன பேருங்க?”

அதற்கு ரேஷன் கார்டில் பதில் கிடையாது. ஜனங்கள் விரல் விட்டு எண்ணிச் சொன்னார்கள். ரெண்டு பேருங்க. ஒருத்தருங்க. நானும் இந்த எருமையுந்தாங்க. கூட்டிப் பார்த்தால் தொண்ணூற்று நாலு பேர், இருபத்தாறு பூட்டு. அவள் அட்டவணையில் அப்படியே எழுதினாள். மக்கள்: 94. பூட்டு: 26.

ஸ்கேல் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். மற்றவர்கள் எல்லாம் இருநூற்று எண்பத்து நாலு என்று எழுதியிருக்க, உங்கள் இரண்டு பேருக்கு மட்டும் ஊரில் எங்கேம்மா ஜனங்கள் காணாமல் போனார்கள் என்றார். ஊர்ல இல்லாதவங்கள எப்படிங்க சார் இருக்கறதா எழுதறது என்றாள் இவள். அவர் கேள்வித்தாளின் கடைசி வரியை ஸ்கேலால் தட்டிக் காட்டினார். குடும்பத் தலைவர் கையொப்பம். ஒன்று, ரேஷன் கார்டைப் பார்த்து நிரப்பு. இல்லையென்றால் இருபத்தாறு பூட்டுக்கும் குடும்பத் தலைவர் கையெழுத்தை நேரில் வாங்கிக்கொண்டு வா. இரண்டும் இல்லையென்றால் ரெக்கார்டில் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார்.

நடக்காத காரியம் என்று நினைத்துத்தான் அவர் சொன்னார். அதை அவள் வீட்டுப்பாடமாக எடுத்துக்கொண்டாள். கையெழுத்து இல்லாவிட்டால் தேர்வு இல்லை, தேர்வு இல்லாவிட்டால் அரியர், அரியர் என்றால் ஓசூர். ரேஷன் கார்டைப் பார்த்து எழுதித் தொலையேன், பத்து நிமிட வேலை என்று நான் கெஞ்சினேன். “தப்புன்னு தெரிஞ்சு எழுதி பாஸ் பண்ணா, அதுக்கு ஓசூர்லயே இருந்திருப்பனே” என்றாள். எனக்கு அந்த அளவுக்குக் கொள்கை எதுவும் கிடையாது. ஆனால் ஜோடியாகப் போட்டுவிட்டார்களே.

பூட்டுகளின் முகவரி ஒரே இடத்தில் இருந்தது. மேட்டுக்கொட்டாயில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போகிற எல்லாரும் சாவியை ஒரே வீட்டில்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த வீட்டம்மாவுக்குச் சாவியம்மா என்றே பெயர். சமையல்கட்டுச் சுவரில் இருபத்தாறு ஆணி, இருபத்தாறு சாவி, ஒவ்வொன்றிலும் ஒரு துணிக்கிழிசல் கட்டியிருக்கும். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. துணியின் நிறந்தான் கணக்கு. வெள்ளிக்கிழமைகளில் ஒவ்வொரு வாசலாகப் போய்த் தண்ணீர் தெளித்துவிட்டு வருவார். நாங்கள் போய் நின்றதும் ஒவ்வொரு சாவியாகத் தொட்டுத் தொட்டு, நீலம் பேக்கரி, மஞ்சள் பூக்கடை, சிவப்புல புள்ளி போட்டது சித்தாள் வேலை என்று ஒரு தடவைகூடத் திணறாமல் சொன்னார். அதில் பாதிப்பேர் பெங்களூரில் எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் பெங்களூரைப் பார்த்ததே இல்லை.

“போறதுதான் போறீங்க, வெறுங்கையோடவா போவீங்க?” என்றார் சாவியம்மா. அவ்வளவுதான், நாங்கள் கூரியர் ஆனோம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை முதல் பஸ்ஸில் ராகி மாவு மூட்டை, புளி, வேர்க்கடலை, ஒரு தடவை கூண்டோடு ஒரு கோழி. கண்டக்டர் கோழிக்கு டிக்கெட் கேட்டார். சென்சஸ் அவரிடம், வாரத்துல எந்த நாள்ல மூட்டை ஜாஸ்தி வருதுங்க, எந்த ஸ்டாப்ல ஏறுது என்று கேட்க ஆரம்பித்தாள். பாலக்கோடு தாண்டுவதற்குள் மனிதர் தன் மாற்றல் வரலாறு முழுவதையும் சொல்லிவிட்டு, கோழியைத் தன் சீட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மாதாகோயில் பூசைக்குப் போகாததை அம்மா நான்கு வாரம் பொறுத்தார். ஐந்தாம் வாரம், யாரோ ஒரு பெண்ணோடு பெங்களூர் பஸ்ஸில் பார்த்ததாகச் செய்தி வர, வீட்டில் ஜெபமாலை இரட்டிப்பாகியது. விஷயத்தைச் சொன்னதும் சென்சஸ் நேராக எங்கள் வீட்டுக்கே வந்து, கேள்வித்தாளை விரித்து, நேத்து ராத்திரி இந்த வூட்ல தூங்குனது எத்தன பேருங்க என்று ஆரம்பித்தாள். மூன்றாவது கேள்விக்குள் அம்மா தன் கல்யாணக் கதைக்குப் போய்விட்டார். அடுத்த ஞாயிறு பஸ்ஸில் எங்களுக்கு எலுமிச்சைச் சாதமும் இருந்தது.

முதலில் நீலத் துணி. பேக்கரியில் பன்னுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். கேள்வித்தாளில் நிரந்தரமா, தற்காலிகமா என்று இரண்டு கட்டம் உண்டு. தற்காலிகமாத்தாங்க என்றார் உடனே. எத்தனை வருசமாங்க தற்காலிகமா என்றாள் சென்சஸ். மாவுக் கையால் கணக்குப் போட்டுப் பதினாலு வருசமாச்சுங்க என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சித்தாள் வேலை செய்த சிவப்புப் புள்ளி, தகரக் கொட்டகையில் இருந்தார். வீட்டின் வகை என்ன, ஓடா, மாடியா என்று நான் கேட்டேன். இது வூடு இல்லீங்க, ஷெட்டு, வூடு ஊர்ல இருக்குது என்று சொல்லி, அந்த வீட்டை அரைமணி நேரம் சொன்னார். எத்தனை ஜன்னல், எந்தப் பக்கம் காற்று வரும், வாசற்படிக்கு என்ன கல். “டைல்ஸ் போட்டிருக்கறோம். அதுல இன்னும் நாங்களே நடக்கலீங்க.” பக்கத்தில் அவர் பையன் யாரிடமோ கன்னடத்தில் ஊட்டா ஆய்த்தா, சாப்பாடு ஆச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. திருப்பூரில் இருந்த ஒருவர் மட்டும் பிடிகொடுக்கவில்லை. அவர் ஒரு காதுகுத்துக்கு வருகிறார் என்று சாவியம்மா மூலமாகத் தெரிந்து, பந்தியில் பாயசம் வருவதற்குள் போய் நின்று கையெழுத்து வாங்கினாள். இலைக்கு இந்தப் பக்கம் நான் கேள்வித்தாளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரே ஒரு பூட்டு மிஞ்சியது. பதினேழாம் எண் வீடு, பச்சைத் துணி. அது சென்சஸின் வீடு.

அவள் விடுதியில் இருந்து படிப்பவள் என்று எங்களுக்குத் தெரியும். அவள் வீடே பூட்டிக் கிடக்கிறது என்பது அந்தக் கணக்கெடுப்பின்போதுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் எல்லார் வீட்டுக் கதையும் அவளிடம் இருந்தது. அவள் கதையை எங்களில் ஒருத்தர்கூடக் கேட்டிருக்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவள் அப்பா பாதி கட்டிய ஓர் அடுக்குமாடியில் வாட்ச்மேன். அம்மா அங்கேயே கூட்டிப் பெருக்கும் வேலை, அண்ணன் டைல்ஸ் ஒட்டுகிறான். நாங்கள் வருகிறோம் என்று அப்பா சட்டைப் பித்தானைக் கழுத்து வரைக்கும் போட்டு, இன்ஜினியர் அறையிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டிருந்தார். சொந்த வீட்டில் ஆய்வாளரே கேள்வி கேட்கக் கூடாது என்பது ஸ்கேலின் விதி. அதனால் சென்சஸ் தள்ளிப்போய் ஒரு சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டாள். நான் கேட்டேன்.

“வூட்ல மொத்தம் எத்தன பேருங்க?”

“நாலு பேருங்க.”

“நேத்து ராத்திரி அந்த வூட்ல தூங்குனது?”

அவர் மகளைப் பார்த்தார். அவள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாருமில்லீங்க” என்றார். நான் குனிந்து பூஜ்யம் போடப் போனேன். அவர் கை கேள்வித்தாளின் மேல் வந்து நின்றது. “தம்பி, சைபர்னு எழுதாதீங்க. நாங்க பூட்டித்தாங்க வெச்சிருக்கறோம். விட்டுட்டு வரல.”

அதற்கு எங்கள் கேள்வித்தாளில் கட்டம் இல்லை. நான் சென்சஸைப் பார்த்தேன். அவள் எழுந்து வந்தாள். என் கையிலிருந்து பென்சிலை வாங்கி, இருக்கிறவர்கள், இல்லாதவர்கள் என்ற இரண்டு கட்டத்துக்கும் நடுவில் கோடு கிழித்து மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டாள். அதன் தலையில் ‘சாவி கொடுத்துவிட்டுப் போனவர்கள்’ என்று எழுதினாள். எழுதி முடிக்கும் வரைக்கும் நிமிரவில்லை. அப்பா அந்தக் கட்டத்தை ஒரு தடவை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, கீழே மெதுவாகத் தன் பேரை எழுதினார்.

இருபத்தாறு கையெழுத்தையும் பார்த்த ஸ்கேலுக்குப் பேச்சு வரவில்லை. கேள்வித்தாள்களில் பன்னு மாவும் புளியும் ஒட்டியிருந்ததால் பொய் என்றும் சொல்ல முடியவில்லை. ஆனால் வரைபடத்தைப் பார்த்ததும் பேச்சு வந்துவிட்டது. நடுவில் மேட்டுக்கொட்டாய், அதிலிருந்து இருபத்தாறு வண்ணக் கோடு, துணிக்கிழிசலின் அதே நிறத்தில், பெரும்பாலானவை ஓசூர் தாண்டி, மாநில எல்லை தாண்டிப் போயின. ஒரு தாளுக்கு நாலு தாள் ஒட்டியிருந்தாள். இது கிராமப் படம் இல்லம்மா, பஸ் ரூட்டு, இதற்கு என்ன அளவுத்திட்டம் போடுவது, வெளியிலிருந்து வரும் தேர்வாளர் என்னைத்தான் கேட்பார் என்று புலம்பினார். புலம்பிக்கொண்டே ரெக்கார்டில் கையெழுத்துப் போட்டார். சொன்ன சொல் மாறத் தெரியாத மனிதர்.

தேர்வு நாள் காலை, படங்களைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தோம். மற்றவர்கள் படத்தில் கிராமம் சின்னதாக, அடக்கமாக, எல்லைக்கோட்டுக்குள் இருந்தது. எங்கள் படம் பாதிச் சுவரை அடைத்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, எங்கள் படத்தில் வடக்கு அம்புக்குறி இல்லை. இருபத்தாறு பேரை எங்கிருந்தெல்லாமோ தேடிப் பிடித்தவள் வடக்கை மறந்துவிட்டாள். தேர்வாளர் படியேறும் சத்தம் கேட்டது. நான் பென்சிலைத் தேடித் திரும்புவதற்குள் ஸ்கேல் படத்தருகே போனார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, மர ஸ்கேலை வைத்து, மேல் மூலையில் அழகாக ஓர் அம்புக்குறி போட்டுவிட்டு, சட்டைப் பையில் பென்சிலைச் செருகிக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றார்.

தேர்வாளர் பொறுமையான மனிதர். வரிசையாக எல்லாரிடமும் கிராமத்தின் மக்கள்தொகை என்ன என்று கேட்டார், எல்லாரும் இருநூற்று எண்பத்து நாலு என்றார்கள். சென்சஸிடம் வந்தார்.

“மக்கள்தொகை எவ்வளவும்மா?”

“எந்த நாள்லீங்க சார்?”

ஸ்கேல் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு ஓசூர் கம்பெனி கேட்டே கண்ணுக்குத் தெரிந்தது. அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனாள். சாதாரண நாளில் தொண்ணூற்று நாலு. மாரியம்மன் பண்டிகையன்று மருமகன்களோடு சேர்த்து முன்னூறுக்கு மேல். ஓட்டுப் போடுகிற அன்று அதற்குக் கொஞ்சம் குறைவு, வெயிலைப் பொறுத்தது.

தேர்வாளர் படத்தருகே போய் ரொம்ப நேரம் பார்த்தார். படத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த அட்டவணையின் நடுக்கட்டத்தைப் படித்தார். பதினேழாம் எண் வீட்டிலிருந்து புறப்பட்ட பச்சைக் கோட்டை விரலால் பிடித்துக்கொண்டே போனார். இந்த வீட்டில் யாரும் தூங்கவில்லை என்று போட்டிருக்கிறாய், அப்புறம் எப்படி நாலு பேர் கணக்கு என்றார்.

சித்தேரிப் பெண்ணிடம் நின்றதுபோலவே சென்சஸின் வாய் திறந்து மூடியது. ஜோடி என்று எதற்குத்தான் இருக்கிறேன். “அது இவங்க வூடுங்க சார்” என்றேன்.

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அளவுத்திட்டத்தைப் பற்றியோ எல்லைக்கோட்டைப் பற்றியோ கேட்கவில்லை. சாவி யார்கிட்டம்மா இருக்கு என்று மட்டும் கேட்டார். எங்க ஊரு சாவியம்மாகிட்டங்க சார், பச்சைத் துணி கட்டினது என்றாள். தலையை ஆட்டிவிட்டு மார்க் போட உட்கார்ந்தார். என்ன போட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் இருவருக்கும் வகுப்பிலேயே அதிக மார்க். எனக்கு மூன்று வருடத்திலும் கிடைத்த ஒரே நல்ல மார்க் அதுதான்.

அரியர் இல்லை. முடிவு வந்த அன்று அவள் அப்பா, அந்த அடுக்குமாடியில் கலவை போடுகிறவர் முதல் இன்ஜினியர் வரை எல்லாருக்கும் பன்னு வாங்கிக்கொடுத்தாராம். பன்னு நீலத் துணி பேக்கரியிலிருந்து வந்தது.

இப்போது சென்சஸ் சித்தேரி மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கீழே வேலை கிடைத்தும் மேலே கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். ஏன் என்று கேட்டதற்கு, நான் ஏன் கீழ இருக்கேன்னு எனக்குக் கடைசி வரைக்கும் பதில் கிடைக்கல, அதான் என்றாள். வருடம் தவறாமல் எங்கள் எல்லாருக்கும் போன் செய்வாள். எங்கே இருக்கிறாய், வூட்ல எத்தன பேரு, நேத்து ராத்திரி எத்தன பேரு தூங்குனீங்க. எங்கள் வகுப்பில் பாதிப்பேருக்குச் சொந்தத் தம்பியின் விலாசம் சென்சஸைக் கேட்டால்தான் தெரியும்.

நான் சென்னையில் இருக்கிறேன். வீட்டு வாசலுக்குப் பொருள் கொண்டுவந்து கொடுக்கும் ஒரு கம்பெனியில், எந்தச் சந்து எங்கே முடிகிறது என்று கணினியில் கோடு போடுகிற வேலை. தற்காலிகமாகத்தான், எட்டு வருடமாக. போன வருடம் அப்பா அம்மாவையும் எங்களோடு அழைத்துக்கொண்டோம். மொரப்பூர் வீட்டைப் பூட்டினோம். சாவியை நான் வைத்துக்கொள்கிறேன் என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள், சித்தப்பா கேட்டார், மாதாகோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை கேட்டார். நான் ஒரு பழைய சிவப்புத் துணியைக் கிழித்துச் சாவியில் கட்டி, மலைக்குக் கொண்டுபோய்ச் சென்சஸிடம் கொடுத்துவிட்டு வந்தேன். சமையலறையில் ஏற்கெனவே ஒன்பது ஆணி அடித்து வைத்திருந்தாள், எனக்குப் பத்தாவது.

என் மனைவிக்கு இது புரியவே இல்லை. பண்டிகைக்கு ஊருக்குப் போனால் மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கி, எங்கள் வீட்டு வாசலையே தாண்டிப் போய், அரூரில் பஸ் மாறி, மலையேறி, சாவியை வாங்கிக்கொண்டு மறுபடி இறங்கி வர வேண்டியிருக்கிறது. முழுசாக அரைநாள் போகிறது. பக்கத்து வீட்டில் கொடுத்திருந்தால் இந்த அரைநாள் மிச்சமாகியிருக்குமே என்கிறாள்.

அந்த அரைநாளுக்காகத்தான் அங்கே கொடுத்தேன்.